தையலுக்குள் போன பத்து டிகிரி

டேப் அக்கா கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பேராசிரியரின் மேசையில் விரித்தார்.

வட்டமான வெள்ளைத் துணி. என்ன நீவினாலும் படியவில்லை. ஓரமெல்லாம் அலை அலையாக எழும்பி நின்றது.

கணக்கு வகுப்புக்குப் பாவாடை வந்திருக்கிறது என்று பின் பெஞ்சில் யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. டெஸ்க் மேல் கிடந்த நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

டேப் அக்கா என்பது வகுப்பு வைத்த பெயர். தையல் கடையிலிருந்து நேராக ஓடி வருவார். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்ற ஒருநாளும் நினைவிருக்காது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் பாதியில் விட்ட படிப்பை முடிக்க வந்தவர். மற்ற தாள்களையெல்லாம் எப்படியோ முட்டி மோதித் தேறிவிட்டார். யூக்ளிட் அல்லாத வடிவியல் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இரண்டு உள்தேர்விலும் மார்க் ஒற்றை இலக்கம்.

இன்றைக்குச் செய்முறையும் தவறினால் இறுதிப் பரீட்சை எழுத விடமாட்டேன் என்று பேராசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். தங்கமான மனிதர்தான். மார்க் விஷயத்தில் மட்டும் கருங்கல்.

அவர் கேட்டது இதுதான். முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றெண்பது டிகிரி என்பது தட்டையான தாளில்தான் செல்லும். பந்தின் மேல் வரைந்தால் கூடிவிடும். குறைந்துபோகிற ஒரு பரப்பை நீங்களே செய்து, எவ்வளவு குறைகிறது என்று காட்டுங்கள்.

நாங்கள் எல்லோரும் இணையத்தில் படம் தேடி, அச்செடுத்து, அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

அக்கா துணியை நடுப்புள்ளி வரை கத்தரித்திருந்தார். பிளந்த இடத்தில் நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட வேறொரு துண்டை நுழைத்துத் தைத்திருந்தார். நடுவில் கூர், ஓரத்தில் அகலம். துணி அதிகமானதால் வந்த அலைதான் அது. நடுப்புள்ளியைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு முக்கோணம். துணியை அங்கங்கே படியவைத்து, ஸ்கேல் பிடித்துப் போட்ட நேர்கோடுகள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நுழைத்த துண்டு எத்தனை டிகிரி என்று கேட்டார். நாற்பது என்றார் அக்கா.

எத்தனை டிகிரி நுழைத்தோமோ அத்தனை டிகிரி குறைய வேண்டும். பேராசிரியர் பலகையில் 140 என்று எழுதிவிட்டு, வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவனை அழைத்துப் பாகைமானியைக் கொடுத்தார்.

ஐம்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. நாற்பத்துமூன்று.

கூட்டினால் நூற்றைம்பது. மறுபடி அளந்தான். அதே நூற்றைம்பது.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் நோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“பத்து டிகிரி இடிக்குதே,” என்றார் பேராசிரியர். வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனாலும் கை சிவப்புப் பேனாவைத் தேடியது.

அக்கா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் கழுத்து டேப்பை நீவிக்கொண்டிருந்தன. சட்டென்று தன் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு துணியைப் புரட்டிப் போட்டார்.

“தையலுக்கு மடிச்சு விட்டதைச் சொல்ல மறந்துட்டேன் சார். ரெண்டு தையல், நாலு ஓரம். நடுவுல ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சு கடைசில அரை இஞ்ச் உள்ள போகுது. ஓரத்துக்கு ரெண்டரை டிகிரி. ஆக, உள்ள போனது பத்து. வெளிய நிக்கிறது முப்பதுதான்.”

பேராசிரியர் அந்த டேப்பையே கேட்டு வாங்கி, குனிந்து, நாலு ஓரத்தையும் தானே அளந்தார். நிமிர்ந்து 140ஐ அழித்து 150 என்று எழுதினார்.

“இருபது வருஷமா இதை எழுதிப் போடறேன். தொட்டுப் பார்த்தது இன்னிக்குத்தான்,” என்றவர், சிவப்புப் பேனாவை மூடிப் பையில் போட்டார். டேப்பை இரண்டு கையாலும் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

முதலில் கைதட்டியது அதே பின் பெஞ்ச்தான். துணி பெஞ்ச் பெஞ்சாகச் சுற்றி வந்தது. எல்லோரும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு பெரிய மூளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேப் அக்கா, டேப் அக்கா என்று கேலி பேசியிருக்கிறோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.

துணி என் பக்கத்தில் இருந்தவளிடம் வந்தது. அவள் அந்த நீலத் துண்டைத் தடவியபடி, இவரை வீட்டில் கொண்டாடுவார்களா, கண்டுகொள்ளவே மாட்டார்களா என்று என்னிடம் கேட்டாள்.

முதல் நாள் அவரோடு பேருந்தில் வரும்போது, காலேஜில் நாம் இரண்டு பேரும் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்று கறாராகச் சொன்னது நான். சிரித்துக்கொண்டே சரி என்றார். எட்டு மாதமாக ஒருமுறைகூட என் பக்கம் திரும்பியதில்லை. இந்தத் துண்டைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டார். கடையில் கைக்குக் கிடைத்த மிச்சத் துணியை எடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவர் படிப்பை விட்டது நான் பிறந்ததால்.

நோட்டைக் கீழே வைத்தேன்.

அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள். அதே நீலம், அதே வெள்ளைப் புள்ளி.

“எங்கம்மா,” என்றேன், பின் பெஞ்ச் வரைக்கும் கேட்கிற மாதிரி.