நான்காம் லெவலில் ஒரு குழி

அவள் கையிலிருந்து கண்ட்ரோலரை வாங்கிக்கொண்டான்.

“வேணாம்பா, நானே ஆடறேன்,” என்றாள் மகள் ஆதிரை.

கூச்சப்படுகிறாள் என்று நினைத்தான். ஒன்பது வயதில் கூச்சம் வரத்தான் செய்யும்.

டிவியில் வீடியோ கேமின் மூன்றாம் லெவல். குடை பிடித்த குள்ளன் ஒரு மஞ்சள் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அடுத்தது நான்காம் லெவல். அதில்தான் அந்தக் குழி.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, அவளுடைய அம்மா அவளை இந்த அபார்ட்மென்ட்டின் கீழ் வாசலில் இறக்கிவிடுவாள். மேலே வர மாட்டாள். ஸ்கூட்டியிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எவ்வளவு நேரம் என்று முடிவு செய்தது ஆதிரைதான்.

அப்பாவோடு எவ்வளவு நேரம் இருப்பாய் என்று குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலர் கேட்டார். “ஒரு கேம் முடியற வரைக்கும்,” என்றாள். கவுன்சிலர் சிரித்துக்கொண்டே அதை அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டு வக்கீல்களும் தலையாட்டினார்கள். அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பான்.

கேம் முடிந்தால் கிளம்ப வேண்டும். அதுதான் பேச்சு.

ஏழு சனிக்கிழமை ஆகிவிட்டது.

முதல் மூன்று லெவலையும் அவள் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவாள். முள், நெருப்பு, மேலிருந்து உருளும் பாறை, எதுவும் அவளை ஒன்றும் செய்யாது. நான்காம் லெவலுக்கு வந்ததும் குழியில் விழுவாள். இந்த விளையாட்டில் சாவு கிடையாது. விழுந்தால் லெவலின் தொடக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மறுபடி வருவாள். மறுபடி விழுவாள்.

குள்ளன் விழுந்ததும் திரை கறுத்துப்போகும். மறுபடி வெளிச்சம் வரப் பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியில்தான் அவள் பேசுவாள்.

“கணக்கு மிஸ் மாறிட்டாங்க.”

குள்ளன் விழுவான்.

“எனக்குக் கடவாய்ப் பல்லு ஆடுது.”

விழுவான்.

“அம்மா முடிய வெட்டிக்கிட்டாங்க. நல்லாவே இல்ல.”

அவன் உம் கொட்டுவான். அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியாது. யோசிப்பதற்குள் குள்ளன் எழுந்து நடக்கத் தொடங்கியிருப்பான். அவன் திரையைப் பார்ப்பதே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

பன்னிரண்டு மணி வாக்கில் எப்படியோ குழியைத் தாண்டிவிடுவாள். மிச்ச லெவல்கள் மளமளவென்று முடிந்துவிடும்.

விழுந்து விழுந்து பிள்ளைக்கு வெறுத்துப்போய்விடும் என்று பயந்தான். வெறுத்துப்போனால் இனி வர மாட்டேன் என்பாள். அவள் சொல்வதைத்தான் அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள்.

ஆபீஸில் பக்கத்து சீட்டு கிருபாகரனிடம் சொன்னான். அவர் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தார்.

“மூணாவது லெவல்லயே ரகசிய வழி ஒண்ணு இருக்கு சார். நேரா எட்டுக்குப் போயிடலாம். குழிப் பக்கமே போக வேணாம்.”

நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்து மனப்பாடம் செய்தான். பரீட்சைக்குக்கூட அவன் அப்படிப் படித்ததில்லை.

மஞ்சள் சுவரில் கீழிருந்து மூன்றாவது செங்கல். குடையால் இரண்டு தட்டு.

இப்போது அப்படியே தட்டினான். சுவர் விலகியது. உள்ளே ஒரு கிணறு. குள்ளன் குதித்தான். திரை முழுக்க நீலமாகி, பிறகு எட்டாம் லெவல் என்று எழுத்து வந்தது.

அவன் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுதான் கடைசி லெவல், அதையும் அவனே முடித்தான். நன்றாகவே ஆடினான், சொல்லத்தான் வேண்டும். ராஜா வந்து குள்ளனுக்கு மாலை போட்டார். வாணவேடிக்கை நடந்தது.

மணி பத்து இருபத்தெட்டு.

“முடிஞ்சிடுச்சு,” என்றாள் ஆதிரை.

அழவில்லை. கோபப்படவும் இல்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். குனிந்து செருப்பு வாரை மாட்டினாள்.

சமையலறையில் ஹாட்பாக்ஸில் கேசரி இருந்தது. பதினோரு மணிக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கிண்டியது. அதைச் சொல்வதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

பால்கனியிலிருந்து பார்த்தான். ஸ்கூட்டியில் இருந்தவள் போனிலிருந்து நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஸ்கூட்டி கேட்டைத் தாண்டிப் போனது.

உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தான். அழுகை வருமா என்று பார்த்தான். வரவில்லை. எதுவுமே வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய வாய் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க.

விளையாட்டை முதலிலிருந்து தொடங்கினான். மூன்றாம் லெவலில் மஞ்சள் சுவர் வந்தது. தட்டாமல் அதைத் தாண்டி நடந்தான்.

நான்காம் லெவல். கண்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

குழி வந்தது.

சின்னக் குழி. குள்ளனின் குடை அகலம்கூட இல்லை.

பட்டனை லேசாகத் தொட்டான். குள்ளன் அந்தப் பக்கம் போய் நின்றான்.

அவன் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

பிறகு குள்ளனைத் திருப்பி நடத்திக்கொண்டு வந்து, குழிக்குள் இறக்கினான்.

திரை கறுத்தது.

“கேசரி செஞ்சிருக்கேன்மா,” என்றான், பக்கத்தில் அவள் உட்காரும் காலி இடத்தைப் பார்த்து. “சாப்பிடறியா?”