பயணச் செலவு

மாணவர் நடத்தும் சுகாதாரத் திட்டங்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் நிதிக்கான நேர்காணல் அது. குழுத் தலைவர் விண்ணப்பத்தை மேசையில் தட்டியதுமே மருத்துவ மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“முப்பது பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று. ஒதுங்க இடமில்லாம நாள் முழுக்கத் தண்ணியே குடிக்கிறதில்லையாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஊரா? உட்கார்ந்த இடத்துலயே கதை கட்டினியாம்மா?”

“தினமும் பார்த்துப் பேசுறேன் சார்.”

“அப்புறம் ஏன் பயணச் செலவுல கோடு போட்டிருக்கே? றெக்கை கட்டிப் பறந்து போனியா?”

குழுவே சிரித்தது.

“சரி, நாங்களும் நேர்ல பார்க்கணும். வண்டிக்குச் சொல்லவா?”

“வண்டி எதுக்கு சார், இந்தக் கதவைத் திறந்தா போதும். இந்தக் கட்டடத்தைக் கூட்டுறவங்கதான் அந்த முப்பது பேரும். பதினெட்டு கழிப்பறை கழுவுறாங்க. கழுவி முடிச்சதும் அவங்களை வெளியே அனுப்பிப் பூட்டிடுறாங்க. ‘பேராசிரியர்களுக்கு மட்டும்’னு உத்தரவுல கையெழுத்துப் போட்டது நீங்கதான்.”

தலைவர் விண்ணப்பத்தை மூடப் போனார்.

“எவ்வளவு கேட்டிருக்கேன்னு நீங்க இன்னும் பார்க்கவே இல்ல சார்.”

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தொகை எழுத வேண்டிய கட்டத்தில் இரண்டே சொற்கள் இருந்தன.

ஒரு சாவி.