நாலாவது போல்ட்

"அந்தக் கருங்காலி யாரு? தானா எழுந்து நின்னுட்டா மரியாதை!"

சங்கத் தலைவர் கோவிந்தப்பா இடது கையால் மேஜையைத் தட்டினார். மேஜை மேலிருந்த ரப்பர் சக்கரம் துள்ளி விழுந்தது. உள்ளங்கையில் அடங்குகிற, ஆறு இறக்கை வைத்த சக்கரம்.

அல்சூர் ஏரிக்கரைச் சங்க அறையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். படகு கிளப்பில் வேலைநிறுத்தம் தொடங்கி அன்றோடு பதினெட்டு நாள்.

எல்லார் கண்ணும் மெக்கானிக் சின்னப்பா மேல் இருந்தது.

"சனிக்கிழமை மோட்டார் படகு என்ஜின்லேருந்து இதைக் கழட்டினது நீதானே?"

"ஆமாண்ணா. நீங்க சொன்னீங்க, கழட்டிக் கொண்டாந்து கொடுத்தேன்."

"இது இல்லேன்னா என்ன ஆகும்னு சொன்னே? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு."

"ஏரித் தண்ணியை இழுத்து என்ஜினுக்குள்ள சுத்த விடுறது இதுதாண்ணா. ஒழுங்கா ஓடினா, பக்கத்துத் துளையில வர்ற தண்ணி குழந்தையைக் குளிப்பாட்டுற சூட்டுல இருக்கும். சக்கரம் இல்லேன்னா அஞ்சே நிமிஷம். என்ஜின் மேல எச்சில் துப்பினா சுர்ருங்கும். அப்புறம் இறுகி நின்னுடும்."

"நேத்து அரை மணி நேரம் ஓடிச்சே! துளையிலேருந்து தண்ணி பீச்சி அடிச்சுதே! அது எப்படிப்பா?"



ஞாயிறுதோறும் சவாரி போகிற பெரிய மனிதர்கள் நடு ஏரியில் நின்று வெயிலில் காய வேண்டும். தொழிலாளி கரையில் நின்று ஒரு நாளாவது சிரிக்க வேண்டும். சங்கம் போட்ட திட்டம் அவ்வளவுதான். ஆனால் கிளப் செக்ரெட்டரி முந்திக்கொண்டார். வேலைக்குத் திரும்பிய நாலு பேரின் குடும்பங்களுக்கு மோட்டார் படகில் அன்று மாலை இலவச சவாரி என்று ஞாயிறு காலையில் அறிவித்துவிட்டார்.

கேள்விப்பட்டதும் சின்னப்பா சங்கத்துக்கு ஓடிவந்தான்.

"அண்ணா, வேலைக்குத் திரும்பின தியோடர் பொண்டாட்டி நோரா, புள்ளைங்க எல்லாம் ஏறப் போறாங்க. பெட்ரோல் டாங்க் என்ஜின் தலை மேலேயே இருக்குது. கொஞ்சம் புகை வந்தாலே போதும், எல்லாரும் பயந்து ஒரே பக்கம் ஓடுவாங்க. படகு கவுந்துடும்."

அத்தனை பேர் முன்னால் கோவிந்தப்பா சொன்னார்: "கருங்காலிக் குடும்பம்தானே? நீந்தட்டும்!"

சிலர் கைதட்டினார்கள்.

இப்போது சங்கச் செயலாளர் அப்பாதுரை எழுந்தார்.

"தலைவரே, இதுல விசாரிக்க என்ன இருக்கு? படகுக் கொட்டகை அலமாரியில இருந்த புதுச் சக்கரத்தைக் காணோம். பம்புக்கு நாலு போல்ட். அந்த நாலாவது இருக்கே, மூலையில ஒளிஞ்சிருக்கும். போன வருஷம் நானும் தொட்டுப் பார்த்தேன். ஸ்பானர் வழுக்கி நாலு விரல் முட்டியும் உரிஞ்சு போச்சு. இவனை விட்டா வேற எவனால முடியும்?"

"கிளப் செக்ரெட்டரி வீட்டு பிசிபேளேபாத் ருசியா இருந்துச்சா சின்னப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"நேத்து மத்தியானம் படகுக் கொட்டகைக்குப் போனியா?" என்றார் அப்பாதுரை.

"போனேன்."

"எதுக்கு?"

 சங்கம் தள்ளிவிட்டால் இந்த ஏரிக்கரையில் சின்னப்பாவோடு பேச ஆள் கிடையாது. கிளப்போ வேலைப் பட்டியலில் அவன் பெயரை ஏற்கெனவே அடித்துவிட்டது. வீட்டில் மனைவி ஜானகிக்கு எட்டாம் மாதம்.

"சக்கரம் போடத்தான் போனேன்."

"போட்டியா?"

அவன் கோவிந்தப்பாவைப் பார்த்தான். கோவிந்தப்பா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டேன்."

அறை கொதித்து எழுந்தது. ஒருவன் 'தூ' என்று துப்பினான். அப்பாதுரை அங்கேயே தீர்மானம் எழுதினார்: சின்னப்பா சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறார். எல்லாக் கையும் உயர்ந்தது. காகிதம் தலைவர் முன்னால் நகர்ந்தது.

"கையெழுத்து, தலைவரே."

காலையிலிருந்து துண்டுக்குள்ளேயே இருந்த வலது கையைக் கோவிந்தப்பா மெல்ல வெளியே எடுத்தார். நாலு விரல் முட்டியும் உரிந்து, மேலே மஞ்சள் அப்பியிருந்தது.

சின்னப்பா சட்டென்று மேஜைக்கு முன்னால் வந்து மற்றவர்களுக்கு மறைத்து நின்றான். கூச்சலில் யாரும் கவனிக்கவில்லை. பேனாவை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் குனிந்தான்.

"பிடிக்க முடியுதாண்ணா?" என்றான், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நாலாவது போல்ட் புதுக் கையை விடாது. அது பரவாயில்லை. ஆனா நீங்க இறக்கையை எதிர்ப்பக்கமா சாய்ச்சுப் போட்டிருந்தீங்க. அப்படியே ஓட்டியிருந்தா முறிஞ்சிருக்கும். நான் போய்த் திருப்பிப் போட்டு மூடினேன்."

கோவிந்தப்பா உரிந்த விரல்களால் பேனாவை வாங்கிக்கொண்டார். 

"சீக்கிரம் தலைவரே, எல்லாரும் காத்திருக்காங்க," என்றார் அப்பாதுரை.

கோவிந்தப்பா கையெழுத்துப் போட்டார்.