மூணு தண்ணி

"ஏம்மா தனக்கோடி, இதுக்குப் பேருதான் கழுவுறதா?"

ஆரோக்கியசெல்வி சங்கிலியை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். பச்சைக் கண்ணாடியின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கோத்திருந்த செம்புக் கம்பியில் களிம்பு வேறு.

"கழுவித்தாங்க்கா கொண்டாந்தேன்."

"எதுல கழுவுன? சுண்ணாம்புலயா?"

உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு மரக்காணத்தில் ஆரம்பித்த மகளிர் குழு அது. கடல் உருட்டி உருட்டி முனை மழுங்கிப்போன பாட்டில் சில்லுகளைக் கரையில் பொறுக்கி வந்து, கம்பியில் கோத்து, சங்கிலியும் கம்மலுமாகப் பாண்டிச்சேரி கடைகளுக்கு அனுப்புகிறார்கள். கோத்ததை ஆளுக்கொரு பையில் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவித் துடைத்துக் கொண்டுவருவது அவரவர் பொறுப்பு. செல்விதான் குழுவுக்குத் தலைவி.

எத்தனை தடவைதான் சொல்லுவாள் அவளும்? வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு ஷாம்பு. மெத்தென்ற பிரஷ். புளி போடாதே, சாம்பல் போடாதே. கண்ணாடிமேல் பனி மூடினாற்போல ஒரு மங்கல் இருக்கிறதே, அதுதான் அழகு, அதைச் சுரண்டிவிடாதே. கடைசியில் மூணு தண்ணி அலசி, பழைய வேட்டித் துணியில் ஈரம் போகத் துடை. அவ்வளவுதான். இதில் என்ன வித்தை இருக்கிறது?

மற்ற ஒன்பது பேருக்கும் புரிகிறது. உப்பளத்து ஓரத்திலிருந்து வருகிற இந்த ஒருத்திக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை.

"இது மங்கல் இல்லம்மா, பொடுகு. போன வாரம் கடைக்காரரு பன்னெண்டு சங்கிலியத் திருப்பி அனுப்பிட்டாரு. அத்தனையும் உன் கை பட்டது. மூணு தண்ணி அலசுனியா இல்லியா?"

"அஞ்சு தண்ணி அலசினேன்க்கா."

"சும்மா கதை விடாத!"

செல்வி விருட்டென்று எழுந்தாள். வாசல் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுச் சங்கிலியை நீட்டினாள். ஒரு தண்ணி, ரெண்டு தண்ணி, மூணு தண்ணி. வெள்ளை போன இடம் தெரியவில்லை.

"பாத்தியா? ரெண்டு நிமிஷம். இதுக்குக்கூடவா உனக்கு உடம்பு வளையல?"

தனக்கோடி சங்கிலியைப் பார்க்கவில்லை. மூடாமல் ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள்.

"அக்கா, தண்ணி..."

"தண்ணி, சோப்பு, பிரஷ்ஷுன்னு எங்கிட்ட சாக்கு சொல்லாத. ஞாயித்துக்கிழமை எக்ஸிபிஷன். வெள்ளிக்கிழமை காலையில உன் பங்கு பதினஞ்சு சங்கிலியும் சுத்தமா வரணும். இல்லன்னா உன் பையை மாரியம்மாகிட்ட குடுத்துடுவேன். நீ உப்பளத்தோட நின்னுக்க."

தனக்கோடிக்கு முகம் செத்துவிட்டது. உப்பளத்துக் கூலி சோற்றுக்குத்தான் சரியாக இருக்கிறது. பெரிய மகளை எட்டாவதோடு நிறுத்தாமல் படிக்க வைப்பது இந்தப் பை. அது செல்விக்கும் தெரியும். அதற்காக ஒருத்தியின் சோம்பேறித்தனத்தால் பத்துப் பேர் பிழைப்பு கெடலாமா? கேட்டால் செல்வியைக் கொடுமைக்காரி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் தனக்கோடி வந்துவிட்டாள். துணியைப் பிரித்தாள்.

செல்விக்கே நம்ப முடியவில்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினைந்திலும் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. கம்பி சிவக்கச் சிவக்க மின்னியது. மற்றவர்கள் கொண்டுவந்ததைவிட இதுதான் நன்றாக இருந்தது.

"பாத்தீங்களாடி? அதட்டுனாத்தான் வேலை நடக்குது. இத்தினி நாளா முடியாதது இன்னிக்கு மட்டும் எப்படி முடிஞ்சிச்சி? மனசு வெச்சா எல்லாம் முடியும்."

எல்லாரும் சிரித்தார்கள். தனக்கோடியும் சிரித்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது.

அப்படியே மூலையில் இருந்த பானைக்குப் போனாள். ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொரு டம்ளர். மூன்றாவதையும் மொண்டாள்.

செல்விக்கு அதிலும் எரிச்சல்தான்.

"மெதுவாம்மா! பானையையே காலி பண்ணிடுவ போலிருக்குது. வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரக்கூடாதா?"

தனக்கோடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்க பக்கம் சுனாமி வந்ததுலேர்ந்து போர்த்தண்ணி பூரா உப்புக்கா. அதுல எத்தினி தண்ணி அலசுனாலும், காஞ்சா வெள்ளையாத்தான் பூக்குது. குடிக்கிறதுக்கு மட்டும் லாரி வரும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா, வீட்டுக்கு ரெண்டு குடம். நேத்து ரெண்டையும் இதுக்கே ஊத்திட்டேன். 'ஊத்தும்மா, நாளைக்குச் சாயங்காலம் லாரி வந்துடும்'னு பெரியவதான் சொன்னா."

யாரும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சங்கிலியை எங்கே வைப்பதென்று செல்விக்குத் தெரியவில்லை.

தனக்கோடி பைக்குள் கைவிட்டு ஒரு காலி பாட்டிலை எடுத்தாள்.

"அந்தக் குழாயில ஒரு பாட்டில் புடிச்சிக்கட்டுமாக்கா? புள்ளைங்க ரெண்டும் நேத்துலேர்ந்து தொண்டை காஞ்சி கெடக்குதுங்க."