நாலடி உயரம்

வெள்ளம் ஏறும் தெருவில் வீடு வாங்க எந்தப் பைத்தியக்காரன் வருவான்? விற்க முடியாமல், ஜாக்கி வைத்து வீட்டையே நாலடி தூக்கினோம். நாங்கள் உள்ளே இருக்கும்போதே தூக்கினார்கள். அடுப்பிலிருந்த பால்கூடத் தளும்பவில்லை. பிறகு அடியில் சுவர் எழுப்பி, வாசலுக்குப் படி கட்டினார் மேஸ்திரி.

மறுவாரம் அந்தச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"ஜாக்கியெல்லாம் அன்னைக்கே கழட்டி லாரியில ஏத்திட்டேனே சார்," என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "தூக்கின வீடு எறங்கித்தான் பாத்திருக்கேன். ஏறிப் பாத்ததில்ல."

இன்னொரு படி கட்டினார். அடுத்த வாரம் மேலும் ஒன்று.

"உங்களுக்கென்னங்க, இனிமே வெள்ளமே வந்தாலும் கவலையில்ல," என்று பக்கத்து வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

இன்று காலை மகள் வாசலிலிருந்து படியில் குதித்துத்தான் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, கடைசிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"எட்டலப்பா. கையக் குடுங்க."

மனைவி என் கால்களை அமுக்கிக்கொள்ள, வாசலில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். மகள் எம்பினாள். விரல் நுனி பட்டது. மறுபடி எம்பினாள். படவில்லை.

உள்ளே, அவளுக்காக அடுப்பில் வைத்திருந்த பால் தளும்பவேயில்லை.