பதினொன்றாவது கிண்ணம்

புத்தூர் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற சந்திரனுக்கு, சகலை சிட்டிபாபு வீட்டிலேயே லேத் செய்துவிட்டான் என்று கேட்டதிலிருந்து வயிறு எரிந்தது. பழைய பவர்லூம் மோட்டார், காயலான்கடை இரும்பு, ஒரு மர அச்சு. சுழலும் அலுமினியத் தகட்டை நீளக் கம்பியால் அழுத்தினால், அச்சின் மேல் படிந்து கிண்ணமாகிவிடுமாம். "கைன்னா அது கை!" என்று சந்திரனின் மனைவி பிரமிளாவே மெச்சினாள்.

குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை காலை சிட்டிபாபுவின் ஊரான நகரிக்குப் போனான்.

சிட்டிபாபு பத்துத் தகடு எண்ணிவைத்து வேலையைத் தொடங்கினான். ஒரு தகடாவது கிழியாதா என்று சந்திரன் கண்கொட்டாமல் பார்த்தான். கிழியவில்லை. 'இவன் ஒழிந்தால்தான் என்ன' என்று ஒருமுறை நினைத்துக்கொண்டான்.

மோட்டார் நின்றபோது அடுக்கில் பதினொரு கிண்ணம் இருந்தது.

"பத்துதானேண்ணா வச்சேன்? நீயும் பாத்துக்கினுதானே இருந்த?" சிட்டிபாபு சிரித்தான். "சரி, கூட வந்தது உனக்கு. உன் கையாலயே பேர் வெட்டிக்கோ."

சந்திரன் மேலே இருந்ததை எடுத்தான். இன்னும் சூடாக இருந்தது. விளிம்பில் ஏற்கெனவே எழுத்து வெட்டியிருந்தது: 'சிட்டிபாபு நினைவாக'. கடைசியில் இரண்டு புள்ளி. அப்படி இரண்டு புள்ளி தட்டி முடிப்பவன் புத்தூரிலேயே சந்திரன் ஒருவன்தான்.

"இன்னாண்ணா, நல்லா வந்துகீதா?"

பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு சந்திரன் தலையாட்டினான். சிட்டிபாபு அடுத்த தகட்டை மாட்டி மோட்டாரைப் போட்டான். சந்திரன் கிண்ணத்தோடு இரண்டடி பின்னால் தள்ளி நின்றான்.