தெளிவாக ஒரு படம்

டெல்லி மைதானத்தில் குதிரைகள் தடை தாண்டிக்கொண்டிருந்தன. ராஜகோபாலன் கைபேசியோடு பாதுகாப்புக் கயிற்றுக்கு மேலே பாதி உடம்பை நீட்டினார்.

"பீச்சே, அங்கிள், பின்னால போங்க! ஃப்ளாஷும் வேண்டாம். குதிரை மிரண்டா ஓட்டுறவங்க விழுந்துடுவாங்க" என்றாள், காவலுக்கு நின்ற இளம்பெண்.

"எங்க மதுமதி முகம் ஒரு தடவை தெளிவா விழணும்மா. எங்க பையன் அர்விந்த் பெங்களூர்ல போனும் கையுமா காத்திருக்கான்."

"அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுங்களேன்" என்றாள் மனைவி சுகந்தி. "ஆபீஸ்ல எல்லாருக்கும் ரூல்ஸ் சொல்றீங்க!"

"அது மத்தவங்களுக்குடி."

மதுமதியின் குதிரை திரும்பி இந்தப் பக்கம் வந்தது. ராஜகோபாலன் சட்டென்று குனிந்து கயிற்றுக்குள் நுழைந்தார். காவல் பெண் அவர் கையைப் பிடித்து வெளியே இழுக்கவும், குதிரை பாய்ந்து கடக்கவும் சரியாக இருந்தது. படத்தில் விழுந்தது வால் மட்டும்தான்.

அந்தப் பெண் தன் கைபேசியை எடுத்து அவரைப் படம் பிடித்தாள்.

"எதுக்கும்மா? புகார் பண்ணவா?"

"இல்லை மாமா. நீங்க சொல்லாம வந்து எங்க அக்காவைப் பொண்ணு பார்க்கறீங்க. நாங்க மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டாமா?"

ராஜகோபாலன் திருதிருவென விழித்தார். "எங்களை எப்படி..?"

"ஜாதகத்தோட குடும்பப் போட்டோவும் அனுப்பினீங்களே! நீங்க வந்திருக்கறதை அக்கா குதிரை ஏறறதுக்கு முன்னாடியே அவகிட்ட சொல்லிட்டேன். 'மாமனார் சொன்னா கேட்கிறவரான்னு பார்த்து வை'ன்னா."

சுகந்தி அவசரமாக முன்னால் வந்தாள்.

"என்னையும் ஒண்ணு எடும்மா. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிக்கறது நல்லாத் தெரியணும்."